பதினொன்றுக்கு விடை இல்லை என்று எழுதினேன்

வேலை கேட்டு விண்ணப்பித்த கம்பெனிக்கே, "உங்கள் கேள்வி தவறு" என்று மின்னஞ்சல் அனுப்பியவன் நான். ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் மூன்று முறை படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

அந்தத் தேர்வு எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆள் எடுக்கும் மென்பொருள் கம்பெனிகள் பெரும்பாலும் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பவர்களைத்தான் கூப்பிடும். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து அந்த மாதத்தோடு இரண்டு ஆண்டு முடிந்தது. அதற்குள் ஆறு கம்பெனிக்குத் தேர்வு எழுதி ஆறிலும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. இது ஏழாவது. இது போனால், அடுத்த மாதத்திலிருந்து விண்ணப்பப் படிவத்தில் நான் படித்து முடித்த ஆண்டையே தேர்ந்தெடுக்க முடியாது. அதன் பிறகு நான் படித்த படிப்பு சான்றிதழில் மட்டும்தான் இருக்கும். அப்போது திருபுவனையில் பாட்டில் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையே தொடர வேண்டியதுதான்.

எங்கள் வீடு வில்லியனூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில். அப்பா குத்தகை நிலத்தில் நெல்லும் கரும்பும் போடுகிறவர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். அப்பாவின் போனில் யார் பெயரும் கிடையாது. மணி அடித்தால் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். அம்மா ஒரு படி மேல். கண்ணில் படுகிற எந்த எண்ணையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்கிவிடுவாள். எட்டு வந்தால் ஆகாது. எனக்குக் காலேஜில் பரீட்சை எண் எட்டு வந்தபோது, ஹால் டிக்கெட்டை மாற்றித் தருவார்களா என்று கேட்டவள். நான் காலேஜில் சொந்தமாக எழுதிய முதல் புரோகிராமே அம்மாவுக்காகத்தான்: ஓர் எண்ணைக் கொடுத்தால் இலக்கங்களைக் கூட்டி, எட்டா இல்லையா என்று சொல்லும்.

தேர்வு வெள்ளிக்கிழமை காலையில் இணையத்தில் திறந்தது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மூடும். எத்தனை முறை வேண்டுமானாலும் விடையை அனுப்பலாம். இரண்டு பகுதி. முதல் பகுதியில் எல்லாச் சோதனைகளும் தேறினால்தான் இரண்டாம் பகுதி கண்ணில் படும்.

முதல் பகுதிக் கேள்வி படிக்க எளிமையானது. இரண்டு எண்கள் கொடுப்பார்கள். முதல் எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக மேலே போக வேண்டும். ஒவ்வோர் எண்ணிலும் இலக்கங்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். அந்தப் பெருக்குத்தொகை இரண்டாவது எண்ணால் மீதியில்லாமல் வகுபட்டால், அதுதான் விடை. உதாரணத்துக்குப் பதினைந்தும் மூன்றும் கொடுத்திருந்தார்கள். பதினைந்தில் ஒன்று பெருக்கல் ஐந்து, ஐந்து, மூன்றால் வகுபடாது. பதினாறில் ஒன்று பெருக்கல் ஆறு, ஆறு, வகுபடும். விடை பதினாறு. கடைசி வரியில், "எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் விடை உண்டு" என்று போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என் பழைய லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போயிருந்தது. சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். அம்மாவுக்காக எழுதிய அந்தக் கூட்டல் புரோகிராம் அதில் அப்படியே இருந்தது. இலக்கங்களைப் பிரிக்கும் பகுதியை அதிலிருந்து எடுத்து, கூட்டல் குறியைப் பெருக்கல் குறியாக்கினேன். கூட்டலுக்குத் தொடக்க எண் பூஜ்யம். பெருக்கலுக்கு அது ஒன்றாக இருக்க வேண்டும். அதையும் மறக்காமல் மாற்றினேன். அந்தக் கவனத்துக்காக என்னையே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது. அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு சோதனையில் ஐந்துதான் சரி. ஆறு தவறு. ஒன்று நேரம் கடந்து நின்றுவிட்டது. தவறான சோதனைகளில் என்ன எண் கொடுத்தார்கள் என்று தளம் காட்டாது. நேரம் கடந்ததற்கு மட்டும் காட்டியது: இருபத்தைந்து, பதினொன்று.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பதினொன்று பகா எண். ஒன்று முதல் ஒன்பது வரை எந்த இலக்கத்துக்குள்ளும் பதினொன்று இல்லை. பிறகு எத்தனை இலக்கத்தைப் பெருக்கினாலும் பதினொன்றால் எப்படி வகுபடும்? என் புரோகிராம் முடிவில்லாமல் மேலே மேலே ஏறிக்கொண்டே போனதில் தப்பில்லை. அதற்கு விடையே கிடையாது. இலக்கங்களைப் பெருக்கினால் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, இந்த நான்கு பகா எண்கள்தான் காரணியாக வரும். வேறு எது கேட்டாலும் "விடை இல்லை" என்று சொல்லும்படி மாற்றி அனுப்பினேன். இப்போது நேரம் கடக்கவில்லை. தவறு என்று வந்தது. ஐந்து, ஐந்தாகவே இருந்தது.

மறுநாள் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே வேலை இதுதான்: மெஷின் கதவு திறந்ததும் சூடான மூடிகளை எடுத்து ட்ரேயில் போட வேண்டும், கதவை மூட வேண்டும், அடுத்தது வரும்வரை நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் ஓர் எண்ணை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம். அறுபத்தொன்று, ஏழு: விடை அறுபத்தேழு. எண்பத்தெட்டு, ஏழு: விடை தொண்ணூற்றேழு. வீட்டுக்குப் போய் அதே எண்களைப் புரோகிராமில் கொடுத்தால் அதே விடைதான் வந்தது. கையால் போட்ட கணக்கும் புரோகிராமும் ஒத்துப்போனதால் இன்னும் உறுதியானேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள் என்பது அப்போது உறைக்கவில்லை.

பக்கத்து மெஷினில் திருவாண்டார்கோயில்காரன் ஒருவன். ஐ.டி.ஐ. முடித்தவன், என் வயது.

"இன்னாடா, மெஷினாண்ட நின்னுகினு மந்திரம் சொல்லினு கீற?" என்றான்.

"கணக்குடா. வேலைக்கு டெஸ்ட் வச்சிக்கீறாங்க."

"சூப்பர்வைசர் பாத்தார்னா உனுக்குப் பேய் புடிச்சிக்கிச்சின்னு வூட்டுக்கு அனுப்பிடுவாரு. இன்னா கணக்கு?"

சொன்னேன். மூடிகளை அள்ளிக்கொண்டே கேட்டான். பதினொன்றின் சங்கதி வந்ததும் அவனும் யோசித்துவிட்டு, "வராதேடா" என்றான்.

"வராது இல்ல?"

"எப்டி வரும்? ஒம்போதுக்கு மேல எலக்கமே இல்லியே."

"ஆனா வெட உண்டுன்னு போட்டுக்கீறான்."

"அப்ப கேள்வி தப்பு." சற்றும் யோசிக்காமல் சொன்னான். "ஒனுக்கு மார்க்குடா. எங்க பத்தாவதுல ஒரு கேள்வி தப்பா வந்துச்சி. கேள்வி நம்பர மட்டும் எழுதி வச்சிருந்தவனுக்குக் கூட முழு மார்க்கு போட்டாங்க. நான் நம்பர் கூட எழுதல. எங்கம்மா அதுக்கு ஒரு வாரம் திட்டுச்சி."

எனக்கும் அது தெரிந்ததுதான். பள்ளிப் பரீட்சையில் கேள்வி தவறு என்று செய்தி வந்தால் எங்கள் தெருவில் பிள்ளைகளை நிறுத்தி, "அந்தக் கேள்விய தொட்டியாடா?" என்றுதான் கேட்பார்கள். தொட்டிருந்தால் மதிப்பெண் உண்டு.

"கம்பெனிக்காரன் அப்டியெல்லாம் குடுப்பானாடா?"

"சொன்னாத்தான குடுப்பான். நீ வாயத் தொறக்காம இருந்தா தப்பு ஒன்னுதுன்னு வுட்டுடுவான்."

அது நியாயமாகப் பட்டது. இதற்கு முன் ஆறு கம்பெனியிலும் நான் வாயைத் திறக்கவே இல்லை. அன்று மாலை மின்னஞ்சல் எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, உங்கள் முதல் கேள்வியில் பிழை உள்ளது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு தவிர வேறு பகா எண் இலக்கப் பெருக்கலில் வராது. எனவே எப்போதும் விடை உண்டு என்ற கடைசி வரி தவறு. நான் அந்தக் கேள்விக்கு முயன்றிருக்கிறேன் என்பதைக் கணக்கில் கொள்ளவும். இதை ஆங்கிலத்தில், என்னால் முடிந்த பணிவோடு எழுதினேன். பதில் எதுவும் வரவில்லை. தளமும் கேள்வியை மாற்றவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கரிக்கலாம்பாக்கத்தில் மனை வாங்க வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிற தொழில். எட்டாம் நம்பர் மனை எந்த லேஅவுட்டிலும் கடைசியில்தான் போகும் என்று அடிக்கடி புலம்புவார். அன்றைக்கு யாரிடமோ வாங்கிய பழைய பைக்கில் வந்திருந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், பைக்கைச் சுற்றி வரவில்லை. நேராகப் பின்பக்கம் போய் நம்பரைப் பார்த்தாள். ஆறு, பூஜ்யம், இரண்டு, ஒன்பது.

"வாங்கறதுக்கு முன்ன ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றாள்.

"இன்னா ஆச்சி?"

"கூட்டிப் பாரு."

மாமா கூட்டிப் பார்க்க விரும்பவில்லை. உள்ளே லேப்டாப்பின் முன் இருந்த என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, நீ சொல்லுடா. இவ அவசரத்துல கூட்டுவா."

எழுந்து வந்து பார்த்தேன். "ஆறு, ரெண்டு, ஒம்போது. பதினேழு. எட்டுதான் மாமா."

"பாத்தியா," என்றாள் அம்மா. "அதான் வித்துட்டான் அவன்."

"நல்ல வண்டிக்கா. இஞ்சினு கல்லாட்டம் கீது."

"இஞ்சினு கல்லாட்டம் கீதுன்னா கல்லுல போய் மோதாதா?"

மாமா குனிந்து நம்பர் பலகையைக் கட்டைவிரலால் தேய்த்தார், தூசியில் ஏதாவது மறைந்திருக்குமோ என்பது போல. "மாப்ள, நடுவுல ஒரு பூச்சியம் கீதேடா. நீ அத்தச் சேக்கவே இல்லியே."

"பூச்சியத்த எதுக்குச் சேக்கணும்? அதுல இன்னா கீது?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு. படிச்சவன் சொல்லட்டும். அத்தயும் சேத்துக் கூட்டுனா மாறுமாடா?"

"மாறாது மாமா. கூட்டல்ல பூச்சியத்தச் சேத்தாலும் ஒண்ணுதான், சேக்காட்டியும் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். கூட்டலில். நான் சொன்னது கூட்டலுக்கு. மாமா இன்னும் ஏதோ கேட்டார். உள்ளே போய்ப் புரோகிராமைத் திறந்தேன். காலேஜில் அம்மாவுக்காக எழுதியதில் இருந்து எடுத்த பகுதியில், நான்காவது வரியில் இருந்தது: இலக்கம் பூஜ்யம் என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

எங்கள் வீட்டில் எண்ணைக் கூட்டும்போது பூஜ்யத்தை வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். நானும் அப்படியே பழகி, அப்படியே புரோகிராமும் எழுதி, அதே வழக்கத்தில் மனக்கணக்கும் போட்டிருக்கிறேன். பெருக்கலில் பூஜ்யம் வந்தால் மொத்தமும் பூஜ்யம். பூஜ்யத்தை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி கிடையாது. பதினொன்றாலும்தான். இருபத்தைந்திலிருந்து ஏறினால் முப்பதில் விடை இருக்கிறது. எண்பத்தெட்டு, ஏழு என்றால் விடை தொண்ணூற்றேழு இல்லை, தொண்ணூறு. எந்த எண்ணிலிருந்து ஏறினாலும் பத்தாவது படிக்குள் பூஜ்யத்தில் முடியும் எண் ஒன்று வந்தே தீரும். கடைசி வரி சொன்னது அதைத்தான். கேட்டது பத்துப் படி ஏறத் தெரிகிறதா என்று. நான் வெள்ளி மாலையிலிருந்து மலை ஏறிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வரியை அழித்தேன். பகா எண் பார்க்கும் பகுதியையும் தூக்கினேன். பன்னிரண்டும் தேறின. மணி பன்னிரண்டு இருபது.

இரண்டாம் பகுதி திறந்தது. அதே கேள்வி, ஆனால் விடையில் பூஜ்யம் இருக்கக் கூடாது. விடை இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளியே மாமாவும் அம்மாவும் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒனுக்கு இன்னாடா இளிப்பு?" என்று மாமாவின் குரல் மட்டும் வந்தது.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. இதில் முதல் எண் நூறு இலக்கம் வரை இருக்கலாம் என்று போட்டிருந்தது. ஒவ்வொன்றாக ஏறினால் ஆயுளுக்கும் முடியாது. ஆனால் இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்ற விஷயம் கையில் இருந்தது. ஏறிப் போக வேண்டாம். கேட்கிற காரணிகளைக் கடைசி இடங்களில் பொருத்திப் பார்த்தால் போதும். ஆயிரத்து நூற்றுப் பதினொன்றும் அறுபத்துமூன்றும் கொடுத்தால், ஏழும் ஒன்பதும் வேண்டும். கடைசி இரண்டு இடத்தில் வைத்தால் ஆயிரத்து நூற்று எழுபத்தொன்பது. கடைசி இடங்கள் போதவில்லை என்றால் இடப்பக்கம் ஓர் இலக்கத்தை உயர்த்திவிட்டு மறுபடி பொருத்த வேண்டும். இதைத் தாளில் நான்கு பக்கம் போட்டுப் பார்த்து, பிறகு எழுதினேன். சோறு தட்டில் காய்ந்தது. ஐந்து மணிக்குப் பன்னிரண்டில் ஒன்பது தேறியது. மீதி மூன்று ஏன் தவறு என்று ஐந்து ஐம்பது வரை தேடியும் அகப்படவில்லை. அப்படியே விட்டேன்.

கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னொரு மின்னஞ்சல் எழுதினேன். கேள்வி சரிதான், பூஜ்யத்தை விட்டது என் தவறு, முந்தைய கடிதத்துக்கு மன்னிக்கவும். இதை அனுப்பாமல் இருந்தால் ஒருவேளை முதல் கடிதத்தை யாரும் படிக்காமலே போகலாம் என்றும் தோன்றியது. இருந்தாலும் அனுப்பினேன். கேள்வி தவறு என்று ஒரு கடிதம் அங்கே கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வீடியோவில் பேச அழைத்தார்கள். ஷிப்டை மாற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் அதிகாரி. முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் திணறியதும், "தமிழ்லயே சொல்லுங்க, பரவாயில்ல" என்றார். பிறகு தாளைப் பார்த்து, "எங்க கேள்வி தப்புன்னு எழுதினது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க மேடம். அப்புறம் சரின்னும் எழுதினேன்."

"ரெண்டையும் பாத்தேன். பூஜ்யத்த ஏன் விட்டீங்க?"

நல்லதாக ஒரு காரணம் சொல்லலாமா என்று யோசித்தேன். பழைய புரோகிராமில் இருந்து எடுத்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பழைய புரோகிராம் எதற்கு என்று கேட்டால்? எனவே எட்டு பற்றியும், எங்கள் வீட்டில் பூஜ்யத்தைச் சொல்ல மாட்டார்கள் என்பதையும், மாமாவின் பைக்கையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். "வண்டிய என்ன செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் ஓட்டினு தான் கீறாரு மேடம்" என்றேன். பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

பிறகு இரண்டாம் பகுதியில் தவறிய மூன்றைப் பற்றிக் கேட்டார். தெரியவில்லை என்றேன். "விடைக்கு ஒரு இலக்கம் கூடுதலா தேவைப்படற இடம்" என்றார். தொண்ணூற்றொன்பதிலிருந்து ஏறினால் மூன்று இலக்கத்துக்குப் போக வேண்டும் அல்லவா, அதை நான் செய்யவே இல்லை. சொன்னதும் விளங்கியது. விளங்கியதில் பயனில்லை.

"டெவலப்பர் வேலைக்கு ரெண்டாம் பகுதி முழுசா வந்திருக்கணும். அது முடியாது," என்றார். "டெஸ்டிங் டீம்ல ட்ரெய்னி எடுக்கறோம். அதுக்கு உங்க பேர அனுப்பலாமா?"

அனுப்பச் சொன்னேன். அந்த மின்னஞ்சல்களால் அப்படிக் கேட்டாரா, தேறிய ஒன்பதாலா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவும் இல்லை. இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது.

சேதி சொன்னபோது அப்பா வயலுக்குப் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேலடா?" என்றாள் அம்மா.

"மத்தவங்க எழுதுனதுல தப்பு எங்க கீதுன்னு கண்டுபுடிச்சிச் சொல்லணும்."

"சொன்னா கோச்சிக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான்மா ஆள் எடுக்கறாங்க."

"அதுக்குச் சம்பளமா? உங்கப்பாவுக்கு நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து ஓசியிலயே சொல்லினு கீறேன்."

"அவ சொன்ன தப்புல பாதி அவ பண்ணது," என்றார் அப்பா என்னைப் பார்த்து. "நீயாச்சும் பாத்துச் சொல்லு."

அடுத்த மாதம் சேர்ந்தேன். முதல் வாரத்தில் நான்கு தவறுகளைக் கண்டுபிடித்ததாக எழுதிக் கொடுத்தேன். அவற்றில் மூன்று உண்மையாகவே தவறுகள்.